மரடில் சுவர் விழுந்தது, மர்பெய்யாவில் கை சிக்கியது

2020 ஜனவரி 11, சனிக்கிழமை. கொச்சியை ஒட்டிய மரடில் காலையிலிருந்தே குண்டனூர் பாலத்துப் பக்கம் யாரையும் விடவில்லை. சுற்றுவட்டாரத்து வீடுகளில் இருந்தவர்களைப் போலீஸ் வெளியேற்றிவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் தூரத்து மொட்டைமாடிகளில் நின்று பார்த்தார்கள். சைரன் ஒலித்தது. 11.18-க்கு ஹெச்2ஓ ஹோலி ஃபெய்த் என்ற 19 மாடிக் கட்டிடம் இடுப்பொடிந்து உட்கார்ந்தது. சில நொடிகள்தான். புழுதி அடங்குவதற்குள் ஆல்ஃபா செரீனின் இரட்டைக் கோபுரங்களும் சரிந்தன. மறுநாள் ஜெயின்ஸ் கோரல் கோவ், கோல்டன் காயலோரம். முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இரண்டே நாளில் இல்லாமல் போயின. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. சட்டம் ஜெயித்துவிட்டது என்று பலர் சொன்னார்கள்.

அதற்குப் பதினான்கு வருடம் முன்னால், 2006 மார்ச் 29-ல், ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் மர்பெய்யா என்ற ஊரில் விடிந்தது வேறு மாதிரி. அங்கே கட்டிடம் எதுவும் விழவில்லை. போலீஸ் நகர்மன்றத்துக்குள் நுழைந்தது. மேயர் மரிசோல் யாகுவே கைதானார். ஊரின் நிலத்தையெல்லாம் பதினைந்து வருடமாகத் தன் விரலசைவில் வைத்திருந்த நகரமைப்பு ஆலோசகர் ஹுவான் அன்டோனியோ ரோக்கா கைதானார். அவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஹோவான் மிரோவின் ஓவியம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. லாயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள் நின்றன. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 7-ல், ஸ்பெயின் அரசு அந்த நகர்மன்றத்தையே கலைத்தது. அந்நாட்டில் ஜனநாயகம் திரும்பிய பிறகு, ஊழலுக்காக ஒரு நகர்மன்றம் கலைக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இரண்டும் நீரோரத்து ஊர்கள். இரண்டிலும் நடந்த தவறு ஒன்றுதான்: கட்டக்கூடாத இடத்தில் கட்டலாம் என்று உள்ளாட்சி கையெழுத்துப் போட்டது. ஆனால் ஓரிடத்தில் கட்டிடம் போனது, இன்னோரிடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் போனார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றிலும் எது விடுபட்டது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் மர்பெய்யா. ஒரு காலத்தில் மீன்பிடியும் விவசாயமுமாக இருந்த சிற்றூர். 1954-ல் இளவரசர் அல்ஃபோன்சோ டி ஹோஹன்லோஹே அங்கே மர்பெய்யா கிளப் ஓட்டலைத் திறந்தார். ஐரோப்பாவின் செல்வந்தர்கள் வர ஆரம்பித்தார்கள். 1970-ல் பூவர்த்தோ பனூஸ் படகுத்துறை வந்தது. நிலத்தின் விலை ஏறியது. 1991-ல் ஹெசூஸ் ஹில் என்பவர் தன் பெயரையே கட்சிப் பெயராக வைத்துத் தேர்தலில் நின்றார். கட்டுமானத் தொழிலதிபர், அத்லெத்திகோ மாத்ரித் கால்பந்துக் கழகத்தின் தலைவர். இவர் யார் என்பது ஊருக்குத் தெரியாததல்ல. 1969-ல் இவர் கட்டிய கட்டிடம் இடிந்து 58 பேர் இறந்திருந்தார்கள். சிறைக்குப் போனார், அப்போதைய சர்வாதிகாரி ஃபிராங்கோ மன்னித்து விடுவித்தார். அப்படிப்பட்டவரை மக்கள் பெரும்பான்மையோடு மேயராக்கினார்கள். 1995-லும் 1999-லும் மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன்? தெரு சுத்தமானது. நடைபாதைக்குப் பளிங்கு வந்தது. பனைகள் நடப்பட்டன. வேலை கிடைத்தது. வீட்டுமனை விலை ஏறியதில் சாதாரணக் குடும்பங்களுக்கும் நாலு காசு வந்தது. வளர்ச்சி என்று சொல்லிக் காட்டும்போது அதன் பின்னால் போகும் பணத்தை யாரும் எண்ணுவதில்லை. நம்மூரிலும் "அவர் சாப்பிட்டாலும் ஊருக்குச் செய்யறாருய்யா" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். மர்பெய்யாவில் பதினைந்து வருடம் அதைத்தான் சொன்னார்கள்.

அங்கே சூத்திரம் இப்படி வேலை செய்தது. ஊருக்கு 1986-ல் ஒரு நகரமைப்புத் திட்டம் இருந்தது. எது பூங்கா, எது பள்ளி, எங்கே எத்தனை மாடி என்று அதில் இருந்தது. ஹில்லின் மன்றம் தானே ஒரு புதுத் திட்டம் தயாரித்தது. அதற்கு அந்தலூசிய மாநில அரசு ஒப்புதல் தரவே இல்லை. தராத திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதி மேல் அனுமதி கொடுத்தார்கள். கட்டுநருக்கும் மன்றத்துக்கும் இடையே ஒப்பந்தம் எழுதிக்கொள்வார்கள்: பசுமை நிலம் வீட்டுமனை ஆகும், நாலு மாடி எட்டு மாடி ஆகும், அதற்கு ஈடாக மன்றத்துக்கு இவ்வளவு. அந்தத் தொகை நகராட்சி தொடங்கிய தனித்தனி நிறுவனங்கள் வழியாகப் போனதால் தணிக்கையின் கண்ணுக்கு எட்டவில்லை. இதற்கு அப்பால், ரோக்காவுக்கு என்று ஒரு தொகை. அவர் அதை உறையில் போட்டு மன்ற உறுப்பினர்களுக்குப் பங்கு வைத்தார். யாருக்கு எவ்வளவு என்பதைப் பெயரின் முதலெழுத்தை வைத்துக் கணினியில் கணக்கும் எழுதி வைத்திருந்தார்கள். வழக்கின் முதுகெலும்பாக நின்றது அந்தக் கணக்குதான்.

இந்தக் கதையில் என்னை அதிகம் கலங்கடிப்பது ரோக்கா அல்ல, இசபெல் கார்சியா மார்க்கோஸ். சோஷலிஸ்ட் கட்சிக்காரர். ஹில்லை எதிர்த்து வருடக்கணக்கில் புகார் கொடுத்தவர், நீதிமன்றப் படி ஏறியவர். 2003-ல் அப்போதைய மேயர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது அதே கும்பலோடு கைகோத்துத் துணைமேயர் ஆனார். கடைசியில் அவரும் தண்டிக்கப்பட்டார். காவலுக்கு நின்றவரே கதவைத் திறந்துவிட்டால் ஊர் யாரை நம்பும்?

மரடுக்கு வருவோம். வேம்பநாட்டுக் காயலின் கைகள் நுழைந்து நுழைந்து போகும் நிலம். சீனவலைகள், தென்னை, படகுத்துறை. 1991 பிப்ரவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி, கடலேற்றம் ஏறி இறங்கும் காயலுக்கும் ஆற்றுக்கும் கரையில் குறிப்பிட்ட தூரத்துக்குள் புதிதாகக் கட்ட முடியாது. 1996-ல் கேரளத்துக்கு வரைந்த கடலோர மேலாண்மைத் திட்டத்தில் மரடு மூன்றாம் வகை மண்டலம். அங்கே கட்டுவதற்குக் கேரளக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். 2006-ல் மரடு கிராம ஊராட்சியாக இருந்தது. அந்த ஒப்புதல் இல்லாமலே அடுக்ககங்களுக்கு அனுமதி கொடுத்தது.

நான் சொல்லப்போகும் அடுத்த விஷயத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். 2007-லேயே தவறு தெரிந்துவிட்டது. மாநில அரசின் கண்காணிப்புப் பிரிவு விதிமீறல் என்று சொன்னது. ஊராட்சியே கட்டுநர்களுக்கு ஷோகாஸ் நோட்டீஸ் கொடுத்தது. அப்போது அங்கே 19 மாடி இல்லை. வேலை நின்றிருந்தால் எவருடைய சமையலறையும் படுக்கையறையும் இடிந்திருக்காது. கட்டுநர்கள் உயர் நீதிமன்றம் போய் ஸ்டே வாங்கினார்கள். ஸ்டே இருந்தது, வேலை நடந்தது. 2012-ல் தனி நீதிபதியின் தீர்ப்பு கட்டுநர்களுக்குச் சாதகமாக வந்தது: உள்ளாட்சி சட்டத்தைப் பார்க்கத் தவறினால் அனுமதி வாங்கியவரைக் குறைசொல்ல முடியாது என்ற பொருளில். 2015-ல் மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. கடலோர ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. 2019 மே 8-ல் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, நவீன் சின்ஹா அமர்வு ஒரு மாதத்தில் இடிக்கச் சொன்னது. தவறு தெரிந்த நாளிலிருந்து தீர்ப்பு வரை பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் மாடிகள் ஏறின, வீடுகள் விற்றன, குடும்பங்கள் குடியேறின, வரி கட்டின, மின் இணைப்பு வந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் அரசு அலுவலகம் ஒன்றின் முத்திரை உண்டு. வெடிமருந்தைவிடப் பெரிய சேதத்தை அந்த ஸ்டே செய்தது என்பதே என் முடிவு.

குடியிருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஆயுள் முழுக்க வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியவர்கள் இருந்தார்கள். 2019 செப்டம்பரில் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்தார்கள். லிஃப்ட் ஓடாத மாடிகளிலிருந்து கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் இறங்கின. நீதிமன்றம் வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடாகத் தரச் சொன்னது. மாநில அரசு தன் கஜானாவிலிருந்து முதலில் கொடுத்து, பிறகு கட்டுநர்களிடம் வசூலிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அறுபது கோடிக்கு மேல் போனது. ஆக, முதல் பில்லைக் கட்டியது கேரளத்து மக்கள்.

அந்த மக்களில் அதே கடலோரத்து மீனவரும் உண்டு. அவருக்கு இதே சட்டம் எப்படி வந்தது தெரியுமா? கொச்சிக் கரையோரத்து ஊராட்சிகளில் பரம்பரையாகக் குடியிருக்கும் மண்ணில் இரண்டு அறை கட்டினாலும் கடலோர விதியைக் காட்டி அனுமதியை மறுத்துவிடுவார்கள். கட்டிவிட்டால் வீட்டு எண்ணுக்கு முன்னால் 'யு.ஏ.' என்று போடுவார்கள், அங்கீகாரம் இல்லாத கட்டிடம் என்று அர்த்தம். அந்த எண்ணை வைத்து வங்கியில் கடன் வாங்குவது பெரும்பாடு. இரண்டு அறைக்கு வாய் திறந்து 'கூடாது' சொன்ன சட்டம், 19 மாடிக்கு முன் வாய் மூடி நின்றது. ஊழல் என்பதை நான் இங்கேதான் பார்க்கிறேன். உறைக்குள் கைமாறும் பணம் அதில் ஒரு பகுதி. ஒரே மேசையில் ஒருவருக்கு விதி கல்லாகவும் இன்னொருவருக்கு மெழுகாகவும் இருப்பது மீதிப் பகுதி.

எனக்கு ஒரு ஞாபகம். உறவினர் ஒருவரின் வீட்டு அனுமதிக்காக ஒரு கடலோரப் பேரூராட்சி அலுவலகத்தில் காத்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு வலைக்காரப் பெரியவர். நாலாவது தடவையாக வருவதாகச் சொன்னார். வரைபடத்தில் கோடு சரியில்லை, வில்லங்கச் சான்று பழசு, சர்வேயர் கையெழுத்து வேண்டும் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் போன பிறகு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். உட்காரக்கூட இல்லை. "அண்ணே, அது முடிஞ்சுதா?" என்றார். "சாயங்காலம் ஆள் அனுப்புங்க" என்று பதில் வந்தது. பெரியவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நினைக்காமல் மரடைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

இனி இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்து வைப்போம். மர்பெய்யா வழக்கில் 95 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 2010 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. 2013 அக்டோபர் 4-ல் தீர்ப்பு. ரோக்காவுக்கு 11 வருடச் சிறை, 240 மில்லியன் யூரோ அபராதம். 2015-ல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் அதை 17 வருடமாக உயர்த்தியது. 2013 தீர்ப்பில் யாகுவேவுக்கு 6 வருடம், கார்சியா மார்க்கோஸுக்கு 4 வருடம். ஹில் 2004-லேயே இறந்துவிட்டார். நகராட்சிப் பணத்தைத் தன் கால்பந்துக் கழகத்தின் சட்டை விளம்பரத்துக்குத் திருப்பிய வழக்கில் 2002-ல் பதவி இழந்தது மட்டும்தான் அவருக்குக் கிடைத்த பெரிய அடி.

ஆனால் கட்டிடங்கள்? சுமார் 18,000 வீடுகள் முறையற்றவை என்று கணக்கிட்டார்கள். 2010-ல் புது நகரமைப்புத் திட்டம் கொண்டுவந்து அவற்றில் 16,500 வீடுகள் போல ஒரே வீச்சில் முறைப்படுத்தினார்கள். நடந்து முடிந்த சட்டமீறலுக்கு வரைபடத்தைப் பின்னால் திருத்திச் சட்டமுத்திரை குத்த முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. ஊர் மறுபடி 1986-ம் வருடத் திட்டத்துக்குத் திரும்பியது. வீடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. பள்ளிக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கியிருந்த நிலம் ஊருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கையைப் பிடித்தார்கள், அது எடுத்ததை மீட்க முடியவில்லை.

மரடில் இதற்கு நேர்மாறு. 2019 அக்டோபரில், இடிப்புக்கு முன்பு, குற்றப்பிரிவு போலீஸ் ஊராட்சியின் முன்னாள் செயலரையும் முன்னாள் இளநிலைக் கண்காணிப்பாளரையும் ஒரு கட்டுமான நிறுவன உரிமையாளரையும் கைது செய்தது. கைது செய்தியும் அதற்குரிய பரபரப்போடு வந்தது. பிறகு எல்லோர் கண்ணும் வெடிமருந்துப் பக்கம் திரும்பிவிட்டது. இந்தக் கட்டிடங்கள் எழுந்ததற்குப் பொறுப்பு யார், கட்டுநர்களா, ஊராட்சியா, அரசு அதிகாரிகளா என்று கண்டறிய நீதிபதி தோட்டத்தில் பி. ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒருநபர் ஆணையத்தை உச்ச நீதிமன்றம் அமைத்தது. அது 2022-ல். கட்டிடம் மண்ணாகி இரண்டு வருடம் கழித்து. தண்டனை முதலில் நிறைவேறியது, யார் செய்தது என்ற கேள்வி பிறகு வந்தது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஸ்பானியர்கள் நேர்மையானவர்கள், நாம் அப்படி இல்லை என்பதெல்லாம் பதில் ஆகாது. பதினைந்து வருடம் ஓட்டுப் போட்டவர்களும் ஸ்பானியர்கள்தான். என் கணிப்பில், நீதிமன்றத்தின் முன் எந்தக் கேள்வி வைக்கப்பட்டதோ அதற்கேற்ற பதில்தான் கிடைத்தது. மர்பெய்யாவில் புலனாய்வு நீதிபதி மிகேல் ஆங்கெல் தோர்ரெஸ் பணத்தின் தடத்தைப் பிடித்துப் போனார். யார் வாங்கினார், யார் கொடுத்தார் என்பதே கேள்வி. அதனால் மனிதர்கள் சிக்கினார்கள். மரடில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது கடலோர ஆணையத்தின் மேல்முறையீடு. அனுமதி செல்லுமா செல்லாதா என்பதே கேள்வி. செல்லாது என்றால் இடி. அந்தக் கேள்விக்குள் லஞ்சம் வாங்கிய கைக்கு இடமே இல்லை. அதைக் கேட்க வேண்டியது வேறு அமைப்பு. அது இந்த வேகத்தில் நடக்கவில்லை.

இடிப்பால் காயல் பிழைத்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். நான்கு கட்டிடங்களிலிருந்து 76,000 டன் போல இடிபாடு. ஆல்ஃபா செரீனின் ஒரு பகுதி, சட்டம் எந்த நீரைக் காக்க வந்ததோ அந்த நீரிலேயே விழுந்தது. இடிக்கத் தயார் செய்யும்போதே பக்கத்து வீட்டுச் சுவர்களில் விரிசல் விட்டது. அந்த வீட்டுக்காரர்கள் வாடகை வீடு தேடிப் போனார்கள், புத்தாண்டு அன்று உண்ணாவிரதம் இருந்தார்கள். அடுக்ககத்தில் அவர்களுக்கு ஒரு சதுர அடிகூடக் கிடையாது. கோல்டன் காயலோரத்தை ஒட்டி ஒரு அங்கன்வாடி இருந்தது. கட்டிடம் அதன்மேல் சாயாமல் விழும்படி கணக்குப் போட்டு வெடித்தார்கள். அங்கன்வாடி தப்பியது. அந்த நுணுக்கத்தில் பாதியை 2006-ல் ஊராட்சி அலுவலகத்தில் காட்டியிருந்தால் போதுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு: நான்கில் ஒன்றைக் கட்டியது சென்னை நிறுவனம், இன்னொன்றை இடித்ததும் சென்னை நிறுவனம்.

தீர்ப்புக்குப் பிறகு கேரள அரசு கடலோர மாவட்டங்களில் கணக்கெடுத்தது. விதிமீறல் என்று தெரிந்தவை இருபதாயிரத்துக்கும் மேல். அதில் கோபுரமும் உண்டு, குடிசையும் உண்டு. எல்லாவற்றையும் வெடிவைத்துத் தகர்க்க முடியாது. மர்பெய்யா போல் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் முறைப்படுத்தினால் அடுத்த ரோக்காவுக்கு அழைப்பிதழ் அனுப்பியது போலாகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேம்பநாட்டுக் காயலிலேயே இருக்கிறது. ஆலப்புழை மாவட்டம் பாணாவள்ளி ஊராட்சியில் நெடியதுருத்து என்ற தீவில் காப்பிகோ சொகுசு விடுதியின் வில்லாக்கள் எழுந்தபோது, முதலில் வழக்குப் போட்டவர்கள் அந்தக் காயலில் ஊன்றுவலை கட்டிப் பிழைத்த மீனவர்கள். வலைக்கம்பு ஊன்றிய இடம் போனது, அதனால் கேட்டார்கள். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதியையும் இடிக்கச் சொன்னது. 2022 செப்டம்பரில் வேலை தொடங்கியது. இழந்தவரே கேட்டால் கேள்வி கூர்மையாக இருக்கும் என்பதற்கு அந்தத் தீவு சாட்சி. அங்கேயும் அனுமதி கொடுத்த மேசையின் பெயர் பின்னால்தான் நிற்கிறது.

என் தீர்ப்பு இது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மர்பெய்யாவின் பக்கம் நிற்பேன், அதன் குறைகளோடு. கட்டிடத்தை இடித்தால் அடுத்த கட்டுநர் பயப்படுவார், அதுவும் கொஞ்ச நாளைக்கு. கையெழுத்துப் போட்டவர் 17 வருடம் சிறைக்குப் போனால் அடுத்த நாற்காலியில் உட்காருபவரின் பேனா தயங்கும். மரடின் காயல்கரையில் வீட்டை இழந்தவர்களின் பெயர் தெரியும், இடித்த நிறுவனங்களின் பெயர் தெரியும், மாடிக் கணக்கும் வெடிமருந்துக் கணக்கும் தெரியும். அனுமதித் தாளின் அடியில் இருந்த பெயர்களை மட்டும் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

கடலோரத்தில் வீடு வாங்கப்போகிறவர்களுக்கும், வாங்க வசதி இல்லாமல் அதே கரையில் வாழ்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் நீரோரத்தில் பெரிய கட்டிடத்துக்குக் கடைக்கால் தோண்டுகிறார்கள் என்றால், கம்பி ஏறும்வரை காத்திருக்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அனுமதி நகலையும், கடலோர மண்டல ஆணையத்தின் ஒப்புதலையும், கையெழுத்திட்ட அலுவலரின் பெயரையும் பதவியையும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.